பிறர் மதம் கேட்டல்



மணிமேகலைக் காப்பியத்தை நம்மவர் கையில் எடுத்தால் பெரும்பாலும் அமுதசுரபி வரும் இடங்களையே தேடிப் படிப்பர். ஆதிரை இட்ட முதற்பிச்சையையும், காயசண்டிகையின் யானைத்தீ அவிந்ததையும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியதையும் படித்துக் கண்ணீர் மல்குவர். அது நன்றே. ஆனால் 27-ஆம் காதை வந்தவுடன் ஏட்டைப் புரட்டி அப்பாற் சென்றுவிடுகின்றனர். அங்கே கதை நின்றுவிடுகிறது, வாதம் தொடங்குகிறது. அளவைகள், பொருள்கள், பூதங்கள், அணுக்கள் என்று அடுக்கடுக்காக வரும். உரையின்றி அப்பகுதி எளிதில் விளங்காது என்பதும் உண்மையே. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தக் காதையைத்தான்.

அக்காதையில் நடப்பது என்ன? மணிமேகலை வஞ்சி மாநகர் புகுகின்றாள். அங்குள்ள சமயவாதியர் ஒவ்வொருவரிடமும் சென்று, அவர்தம் கொள்கையைச் சொல்லுமாறு வேண்டுகின்றாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பதின்மரும் தத்தம் கருத்தை உரைக்கின்றனர். அவள் பொறுமையாகக் கேட்கின்றாள். நின் தலைவன் யாவன், நின் நூல் யாது, அந்நூல் சொல்லும் பொருள் யாது என வினாவி வினாவிக் கேட்கின்றாள். இளம்பெண் என்றறிந்தால் எவரும் உட்பொருளைச் சொல்லார் என்று கந்திற்பாவை முன்னரே அறிவுறுத்தியிருந்ததனால், முனிவர் வடிவம் பூண்டு செல்கின்றாள். பெண்ணுக்கு மெய்ப்பொருள் உரைக்க மறுத்த உலகில், அறியும் வேட்கை ஒன்றே காரணமாக வேற்றுருக் கொண்டு கதவு கதவாகச் சென்றவள் அவள். நம் வீட்டுப் பெண்களுக்கு இதனைச் சொல்லிவையுங்கள்.

இறுதியில் வரும் பூதவாதியிடம் மட்டும் அவள் சிரித்துவிடுகின்றாள். கண்டதே காட்சி, கருத்தளவை பொய் என்கின்றான் அவன். அங்ஙனமாயின் நின் தந்தையும் தாயும் இன்னார் என்பதை நீ எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்கின்றாள். கூர்மையான கேள்வி! ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவளுக்கு எப்போது வந்தது என்பதை நோக்குக. அவன் சொல்வதை முற்றும் கேட்ட பிறகே வந்தது.

இனி இக்காப்பியம் அமைக்கப்பட்ட முறையைச் சிறிது பாருங்கள். மணிமேகலை பிறந்தபோதே பௌத்தச் சூழலிற் பிறந்தவள். அறவண அடிகளை முன்னரே அறிந்தவள். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பு உணர்ந்தவள். அவ்வாறிருக்க, புலவர் அவளை நேரே காஞ்சிக்கு அனுப்பித் தருமத்தைக் கேட்பித்து நோன்பு ஏற்கச் செய்திருக்கலாம் அன்றோ? அவர் அங்ஙனம் செய்திலர். முதலில் 27-ஆம் காதையில் பிறர் மதம். அதன்பின் காஞ்சியில் பசிப்பிணி தீர்த்தல். அதன்பின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் உபதேசம் தொடங்குகின்றார். அங்கேயும் நான்கு வாய்மையைச் சொல்லி நோன்பை ஏற்பிக்கும் முன், அளவை நூலை விரிவாகச் சொல்கின்றார். எது நல்ல வாதம், எது போலி வாதம், பக்கப்போலி எத்தனை, ஏதுப்போலி எத்தனை, திட்டாந்தப்போலி எத்தனை என்று நுணுகி நுணுகிச் சொல்கின்றார். 30-ஆம் காதையிலேதான் சார்பில் தோற்றமும் நோன்பும் வருகின்றன.

அளவுகோலை மாணாக்கியின் கையில் முதலிற் கொடுத்துவிட்டுப் பிறகே தம் சரக்கை எடுத்துக் காட்டுகின்றார் அடிகள். அக்கோலால் பதின்மர் மதத்தையும் அளக்கலாம். அடிகளின் தருமத்தையும் அளக்கலாம். தம் சரக்கில் ஐயமுள்ள வாணிகன் கோலைக் கொடுக்கமாட்டான்.

நாம் இளமை முதல் ஆலையில் வேலை பார்த்தவர். துணி தறியினின்று இறங்கியபின் அதனைச் சோதிக்கும் மேசைக்குப் போகும். அங்கே துணியை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே ஓடவிட்டுப் பார்ப்பர். இழை அறுந்த இடம், மெலிந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் அப்போதுதான் தெரியும். நெய்தவன் தன் தறியின் முன் நின்று எவ்வளவு உற்று நோக்கினாலும் அவை தெரியா. சோதிப்பவன் மீது தறிக்காரனுக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் அந்த மேசையே வேண்டா என்று எவனும் சொன்னதில்லை.

இதனை ஏன் சொல்ல வந்தோம் என்றால், லேக் மார்க்கெட்டில் நம் அன்பர்கள் கூடிப் படிக்கும் இடத்தில் ஒரு சிறு நூலடுக்கு உண்டு. அதில் நீலகேசி இருக்கின்றது, தேவாரம் இருக்கின்றது, சிவஞான சித்தியார் பரபக்கமும் இருக்கின்றது. இவை பௌத்தத்தைப் பழிக்கும் நூல்கள், இளைஞர் கையில் அகப்பட்டால் மனம் கலங்கும், ஆதலின் அகற்றிவிட வேண்டும் என்று சில பெரியவர்கள் நம்மிடம் சொன்னார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில், வேற்றுமொழியினர் நடுவே, சிறு தொகையினராய் வாழ்பவர்க்கு உள்ளதும் போய்விடுமோ என்ற அச்சம் இயல்பு. அதனை நாம் இகழோம். ஆயினும் அவர்களுக்கு நாம் சொன்ன விடையை இங்கே எழுதுகின்றோம்.

குண்டலகேசி என்ற காப்பியத்தை அறிவீர்கள். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்று. நம் முன்னோர் செய்தது. இன்று அது முழுதும் இல்லை. நமக்குக் கிடைத்துள்ளவை 19 பாடல்களே என்று பதிப்பாளர் கணக்கிடுவர். அந்நூலில் என்ன இருந்தது, அதன் வாதங்கள் எவ்வழியிற் சென்றன என்பதை அறிய நமக்கு உதவுவது எது? நீலகேசியும், அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் செய்த உரையும் அல்லவா? குண்டலகேசியை மறுப்பதற்கென்றே சமணர் எழுதிய நூல் நீலகேசி. மறுக்க வந்தவர், மறுக்கப்படும் பாடலை எடுத்துக்காட்டினார். வைத்திருக்க வேண்டிய நாம் இழந்துவிட்டோம். மறுக்க வந்தவர் ஏட்டில் அதன் துணுக்குகள் பிழைத்துக் கிடந்தன. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு அச்சிட்டார். அவர் சமணர். அவர் செய்த தொண்டினால் பௌத்தராகிய நாம் நம் நூலின் நிழலையேனும் காண்கின்றோம். அந்த நூலையா அடுக்கிலிருந்து அகற்றுவது?

ஆசீவகர் கதையும் இத்தகையதே. அவர்தம் சொந்த நூல் ஒன்றுகூட இன்று இல்லை. அவர்கள் யாது நம்பினர் என்பதைத் தமிழில் அறிய வேண்டுமாயின் மணிமேகலையையும் நீலகேசியையும் பரபக்கத்தையும்தான் புரட்ட வேண்டும். பௌத்தர் ஒருவர், சமணர் ஒருவர், சைவர் ஒருவர். மூவரும் ஆசீவகரை ஒப்பாதவர். ஆங்கில அறிஞர் பாஷம் 1951-இல் ஆசீவகரைப் பற்றி எழுதிய பெருநூலிலும் இத்தமிழ் நூல்களே சான்றாக நிற்கின்றன. மறுக்குமுன் பிறர் கொள்கையை ஒழுங்காக எடுத்துரைக்க வேண்டும் என்ற நெறி நம் நாட்டு அறிஞரிடம் இருந்தது. அந்நெறி இல்லாதிருந்தால் ஒரு சமயம் சுவடின்றி மறைந்திருக்கும்.

இன்னொன்று. 1898-இல் மணிமேகலையை அச்சேற்றியவர் யார்? உ. வே. சாமிநாதையர். சைவ ஆதீனத்தில் தமிழ் கற்றவர். நாள்தோறும் திருநீறு அணிந்தவர். சிந்தாமணிக்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று அவர்தம் மரபுகளைக் கேட்டறிந்தார். அந்நூல் 1887-இல் வெளிவந்தது. பிறகு மணிமேகலைக்காகப் பௌத்த சமயத்தைப் பயின்றார். பயின்றதோடு நில்லாமல் புத்தர் வரலாற்றையும், பௌத்த தருமத்தையும், பௌத்த சங்கத்தையும் பற்றித் தாமே தமிழில் எழுதினார். அவர் தம் சமயத்தை விட்டாரா? இல்லை. தமக்குரியதல்லாத ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மட்டும் அவர்க்கு இருந்தது. அந்த ஆவலின் பயனை உண்பவர் நாம்.

தேவாரத்தைப் பற்றி ஒரு சொல். ஞானசம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் பத்தாம் பாடல் சமணரையும் சாக்கியரையும் இகழும். படிக்கும்போது நமக்கு உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். ஓர் இகழ்ச்சியைப் பதிகந்தோறும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அக்காலத் தமிழகத்தில் நம்மவர் எவ்வளவு பரவியிருந்தனர் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு வேண்டுமா?

பகவான் புத்தர் இதில் எவ்வாறு நடந்தார் என்பதை உபாலி சூத்திரத்தில் காணலாம். மஜ்ஜிம நிகாயத்தில் 56-ஆவது சூத்திரம் அது. நாலந்தையில் உபாலி என்னும் செல்வர் இருந்தார். நிகண்ட நாதபுத்தரின் அடியவர். மெய், மொழி, மனம் என்னும் மூன்றினால் செய்யும் தீவினைகளில் எது கொடியது என்பதில் இரு சமயத்தாருக்கும் மாறுபாடு இருந்தது. மெய்யால் செய்வதே கொடியது என்றனர் நிகண்டர். மனத்தால் எழுவதே கொடியது என்றார் ததாகதர். அவரை வாதில் வென்று வருகின்றேன் என்று உபாலி புறப்பட்டார். வேண்டா, கௌதமர் மாயம் வல்லவர், பிறர் சீடரைக் கவர்ந்துகொள்வார் என்று தீர்க்க தபசி என்னும் நிகண்டத் துறவி தடுத்தார். நம் பெரியவர்கள் நூலடுக்கைப் பற்றிச் சொன்ன அதே சொல்! அச்சம் எல்லாச் சமயத்திலும் ஒரே மொழியில்தான் பேசுகிறது. ஆனால் நாதபுத்தர் அஞ்சவில்லை. போய் வா என்று விடுத்தார். அதற்காக நாம் அவரை மதிக்க வேண்டும்.

வாதம் நடந்தது. புத்தர் ஓர் உவமை சொன்னார், பின்னும் சொன்னார், பின்னும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் உபாலி எதிர்நின்றார். இறுதியில் அவர் சொன்னதுதான் நம் நெஞ்சைக் கவர்வது. முதல் உவமையிலேயே தமக்குத் தெளிவு பிறந்துவிட்டதாம். ஆயினும் இவ்வினாவுக்குப் புத்தர் இன்னும் எத்தனை விதமாக விடை சொல்வார் என்று கேட்கும் ஆசையால் எதிர்த்துக்கொண்டே இருந்தாராம்! தோற்றுவிட்டோம் என்று அறிந்தபின்னும், விடையின் சுவைக்காகக் கேள்வியை நீட்டியவர் அவர்.

உபாலி சரணம் புக விழைந்தபோது, நன்கு ஆராய்ந்து முடிவு செய்க, உம்மைப் போன்ற பெயர்பெற்றவர் ஆராய்ந்து செய்வதே நன்று என்று ததாகதர் நிறுத்தினார். நெடுநாளாக உம் இல்லம் நிகண்டர்க்குத் தண்ணீர்த் துறைபோல் இருந்தது. அவர்களுக்கு இடும் பிச்சையை நிறுத்தற்க என்றும் சொன்னார். ஆள் சேர்க்க அலைபவர் பேசும் பேச்சா இது? ஒன்று சொல்லிவிட வேண்டும். இது நம்மவர் எழுதிவைத்த வரலாறு, வென்றவர் தரப்பு. இதே நிகழ்ச்சியை நிகண்டர் எழுதியிருந்தால் வேறு வண்ணமாக இருந்திருக்கும். பெரிய புராணத்தில் சாக்கியர் தோற்கும்போது நாம் எவ்வாறு ஐயுறுகின்றோமோ, அவ்வாறே நம் நூலில் நிகண்டர் தோற்கும்போதும் சிறிது ஐயுறல் வேண்டும்.

காலாமர் சூத்திரத்தைச் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் நம்மைக் கேட்பார்கள். கேள்விப்பட்டது என்பதால் நம்பாதே, மரபு என்பதால் நம்பாதே, ஆசான் சொன்னார் என்பதால் நம்பாதே என்ற கருத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, எதனையும் நம்பவேண்டா என்று பேசித் திரிகின்றனர் சிலர். தர்க்கத்துக்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் நம்பாதே என்றும் அதே சூத்திரத்தில் இருக்கின்றது. தன் எண்ணத்துக்கு ஒத்திருக்கிறது என்பதால் நம்பாதே என்றும் இருக்கின்றது. அந்தப் பகுதி அவர்கள் காதில் விழுவதில்லை.

நாம் வாழும் இக்கல்கத்தா நகரமே இப்பாடத்துக்கு நல்ல பள்ளிக்கூடம். இங்கு நாணயச் சாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்தார். அதில் கண்ட தேவானாம்பிய பியதசி என்பவர் இலங்கை மன்னராயிருக்கலாம் என்று முதலில் கருதினார். இலங்கையிலிருந்த டர்னர், பாலி வரலாற்று நூலைக் காட்டி, அவர் அசோகரே என்று அதே ஆண்டில் நிறுவினார். பிரின்செப் அதனை ஏற்றுக்கொண்டார். அந்த அசோகரின் 12-ஆம் பாறைக் கட்டளை என்ன சொல்கிறது? தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கின்றான். ஒவ்வொருவரும் மற்றவர் தருமத்தைச் செவிமடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பௌத்த மன்னர் ஒருவர் எல்லாச் சமயத்தாருக்கும் கல்லிற் பொறித்த சொல் அது.

இதே நகரில் இந்துக் கல்லூரியில் ஹென்றி டெரோசியோ என்னும் இளைஞர் ஆசிரியராயிருந்தார். கடவுள் உண்டா என்பது பற்றி மாணவர் வாதிக்கும்படி செய்தார் என்று பெற்றோர் கொதித்தனர். 1831 ஏப்ரலில் அவர் பதவி விலக நேர்ந்தது. அப்போது அவர் எழுதிய விடைக்கடிதத்தில் ஒரு செய்தி உண்டு. ஹியூமின் ஐயவாதத்தை மாணவர்க்குக் காட்டியது மெய். அதற்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் சொன்ன மறுப்பையும் சேர்த்தே காட்டினேன். ஒருபக்கம் மட்டும் பேசலாம் என்றால் அது வாதமாகாது என்பது அவர் நிலை. அவ்வாண்டு டிசம்பரிலேயே வாந்திபேதியால் மாண்டார், வயது 22. அவர் மாணவர்கள் என்ன ஆயினர்? கிருஷ்ண மோகன் பானர்ஜி கிறிஸ்தவரானார். ராமதனு லாகிரி பிரம சமாஜத்தின் வழிச் சென்றார். ஆசானைப்போலவே எல்லாரும் ஆகிவிடவில்லை. இருபக்கமும் கேட்டவர்கள் ஒரே திசையிற் செல்வார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு. அதற்கு அஞ்சுபவர் இருபக்கமும் காட்டக் கூடாது. காட்டினால் அஞ்சக் கூடாது.

சரி, நீலகேசியைத் திறந்து பார்ப்போம். அதில் பௌத்தருக்கு எதிரான வாதங்கள் பல. அவற்றுள் ஒன்று, எல்லாம் கணந்தோறும் அழியுமாயின் வினை செய்தவன் வேறு, பயன் நுகர்பவன் வேறு ஆகாதோ என்பது. இதற்கு நம்மவர் விடை பழமையானது. மாங்கனி திருடியவன், நட்ட மாங்கொட்டை வேறு நான் பறித்த கனி வேறு என்று சொல்லித் தப்ப முடியாது என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்குச் சொன்னதை நினைவுகூர்க. மன்னன் விடாமல் வினாவியதனால் அல்லவா அந்த உவமை நமக்குக் கிடைத்தது?

மற்றொரு வாதம் ஊனுணவைப் பற்றியது. நாங்கள் கொல்லவில்லை, பிறர் கொன்றதை உண்கின்றோம் என்று சொல்லும் பௌத்தரை நீலகேசி மடக்குகின்றாள். உண்பவன் இருப்பதனால் அன்றோ கொல்பவன் இருக்கின்றான் என்பது அவள் கேள்வி. வள்ளுவரும் புலால் மறுத்தலில் இதனைத் தொட்டிருக்கின்றார். இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை ஜீவக சூத்திரத்திலுள்ளது. தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ பிக்கு அவ்வூனை ஏற்கலாகாது. இம்மூன்றும் இல்லையாயின் ஏற்கலாம் என்பது. ஆனால் அவ்விதி யாருக்கு? கையில் ஓடேந்தி, இட்டதை ஏற்கும் பிக்குவுக்கு. நாமோ பையேந்திக் கடைக்குச் செல்பவர்.

லேக் மார்க்கெட்டுக்கு ஞாயிறு காலையில் சென்று பாருங்கள். கோய், மாகுர் என்று வங்காளியர் சொல்லும் மீன்கள் அகன்ற பாத்திரத்துத் தண்ணீரில் உயிரோடு நெளிகின்றன. இதைக் கொடு என்று நாம் விரலால் சுட்டுகின்றோம். கடைக்காரன் அதனைப் பிடித்து, நம் கண்ணெதிரே அரிவாள்மணையில் வைத்து அரிகின்றான். காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவில்லை என்பதில் எது அங்கே நிற்கும்? அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தான் செய்யத்தகாத வாணிகம் ஐந்தைப் பகவான் சொல்கின்றார். ஊன் விற்றல் அவற்றில் ஒன்று. விற்பது நமக்குத் தகாது, வாங்குவது மட்டும் தகுமா? இச்சூத்திரத்தை நாம் பலமுறை ஓதியதுண்டு. அதனை மீன்கடையோடு பொருத்திப் பார்க்கும்படி செய்தது நம் பிக்குகளின் உரையன்று. சமணப் புலவர் ஒருவரின் ஏளனம்.

மறுபக்கமும் கேட்க வேண்டும். சட்டக்கிராமத்து வழிவந்த வங்காளப் பௌத்த அன்பர்கள் பலர் மீனின்றி உண்ணார். ஆறும் குளமும் நிறைந்த நாட்டில் ஏழையின் கலத்தில் சோற்றுடன் விழுவது மீன்தான். அதனை விலக்கச் சொல்வது வசதியுள்ளவர் பேச்சு என்கின்றனர். நெற்பயிர் காக்கப் பூச்சியைக் கொல்வதும் கொலையே, அரிசி உண்பவர் கை மட்டும் தூயதா என்று நம்மை மடக்குகின்றனர். மனநினைவே வினை என்ற உபாலி சூத்திரத்தின் கருத்தையும் துணைக்கு அழைக்கின்றனர். இவை தள்ளிவிடக் கூடிய பேச்சுகள் அல்ல. பிக்குவின் ஓட்டுக்கு ஜீவக சூத்திர விதி போதும் என்பதும், உயிர்மீனைச் சுட்டி வாங்கும் இல்லறத்தானுக்கு அது போதாது என்பதும் நம் கருத்து. இதற்கு எதிர்க்கருத்து உடையவர்கள் நூலோடு வரலாம்.

ஆதலின் நூலடுக்கு இருந்தபடியே இருக்கும். வரும் பூரணை மாலை மணிமேகலை 27-ஆம் காதையைப் படித்துப் பொருள் சொல்வோம். அதற்கடுத்த பூரணையில் நீலகேசியின் புத்தவாதச் சருக்கம். சமணரின் பக்கத்தை எடுத்துரைக்க இளைஞர் இருவர் முன்வந்திருக்கின்றனர். அகற்றச் சொன்ன பெரியவர்களில் ஒருவர் பௌத்தர் பக்கம் பேச இசைந்திருக்கின்றார். வங்காள அன்பர்களும் வருவதால், தமிழில் சொல்வதை வங்க மொழியில் பெயர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வல்லவர்கள் முன்கூட்டியே நம்மிடம் தெரிவிக்க.